சாரதி மீது தவறில்லை

அறிக்கையின் கடைசி வரி இது: ‘ஆகவே, சாரதி மீது தவறில்லை.’

படித்துவிட்டு யாரும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட வேண்டாம். சாரதி என்பது காரின் பெயர். கனகரத் மோட்டார்ஸ் கம்பெனி தயாரிக்கும் ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் பாட்டரியிலும் மாறி மாறி ஓடும், சில சமயம் இரண்டிலும் ஓடாது. அதை ஓட்டியவன் பெயர் லாய்ட். தவறெல்லாம் அவன் மீது.

காத்தவராயன் அறிக்கையை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்த இசபெல்லாவைப் பார்த்தார். பதினோரு நாளாக அழுது முடித்த முகம். ஸ்கூல் டீச்சர் என்பதால் அழுகையையும் பாடவேளை போட்டு முடித்துவிட்டவர் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செத்துப்போன எலைன் அவருடைய தங்கை. எலைனின் புருஷன்தான் லாய்ட்.

ஆண்டர்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ‘காத்தவராயன் இன்டர்நேஷனல் டிடெக்டிவ்ஸ்’ என்று போர்டு. இன்டர்நேஷனல் என்ற சொல் போர்டு எழுதியவன் தன்னிச்சையாகச் சேர்த்தது. இந்த ஏஜென்சி இதுவரை கடந்த ஒரே எல்லை ஆந்திராவில் இருக்கும் குப்பம். காத்தவராயனுக்கு ஐம்பத்து நாலு வயது. ஊரின் தங்கச் சுரங்கம் ஓடிய கடைசி வருஷங்களில் வாட்ச் அண்ட் வார்டில், அதாவது சுரங்கத்தின் சொந்தக் காவல் படையில், இருந்தவர். சுரங்கம் மூடியதும் காவல் காக்க ஒன்றும் இல்லாமல் போனது. சந்தேகப்படும் பழக்கம் மட்டும் மிச்சம். உதவியாளர் ஷோபா, முப்பத்து நாலு வயது, பெங்களூரில் ஒன்பது வருஷம் ஒரு கால் சென்டரில் இருந்துவிட்டு வந்தவள். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்பதை மூன்று மொழிகளில் பொய்யாகச் சொல்லத் தெரியும்.

இசபெல்லா சொன்ன விஷயம் இவ்வளவுதான். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் லாய்ட், எலைன், லாய்டின் அப்பா வால்டர் மூவரும் பேத்தமங்களாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். லாய்ட் ஓட்ட, எழுபத்தொன்பது வயது வால்டர் பக்கத்தில், எலைன் பின்சீட்டில். மேட்டு வளைவில் கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் செங்கல் லாரி வந்து இடித்தது. எலைன் அங்கேயே முடிந்துபோனாள். லாய்டுக்குத் தலையில் எட்டுத் தையல்; அன்று காலை நடந்ததில் பாதி அவனுக்கு ஞாபகமில்லை. கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முதல் நாள் போலீஸிடம் லாய்ட், கார் தானாக நின்றுவிட்டது என்று சொன்னான். அப்புறம் கம்பெனி அறிக்கை வந்தது. காரின் கம்ப்யூட்டர் பதிவின்படி காலை 9.14க்கு ஸ்டார்ட் பட்டன் மூன்று முறை அழுத்தப்பட்டிருக்கிறது. ஓடும் சாரதியில் பட்டனை மூன்று முறை அழுத்தினால் எல்லாம் அணைந்துவிடும். அவசரத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு. ஆக, ஓட்டியவரே ஓடும் காரை அணைத்திருக்கிறார். அறிக்கையைப் படித்த அன்றே லாய்ட் மாற்றிச் சொன்னான்: ஆமாம், நான்தான் அழுத்தினேன்.

“இன்னிக்கு மூணு மணிக்கு ராபர்ட்சன்பேட்டை ஓட்டல்ல மீட்டிங். கம்பெனி ஆளுங்க முன்னாடி அவன் அதை எழுதிக் கையெழுத்து போடப் போறான்” என்றார் இசபெல்லா. “போட்டா அப்படியே ஜெயில். எஸ்.ஐ. அம்மாவே சொல்லிட்டாங்க. நான் அவனைக் காப்பாத்தச் சொல்லல காத்தவராயன். அவன் அழுத்தியிருந்தா போகட்டும். ஆனா எனக்குத் தெரியணும். என் தங்கச்சி அந்தக் காரோட புஸ்தகத்தை ரெண்டு நாள் உக்காந்து முழுசாப் படிச்சவ. வண்டி சொன்னபடி நடக்கிறவ. அவளை யார் கொன்னதுன்னு எனக்குத் தெரியணும்.”

மணி பத்தரை. நாலரை மணி நேரம் இருந்தது.

ஷோபா இதற்குள் காகிதக் கட்டைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாள். சாரதி நடுரோட்டில் சக்தியிழந்து நின்றதாக இந்தப் பக்கத்தில் மட்டும் பதினோரு பேர் புகார் கொடுத்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் ஒரே பதில்: தங்கள் வாகனம் பழுதாகவில்லை, நிதான நிலைக்குச் சென்றுள்ளது.

“நிதான நிலையாம்” என்றாள் ஷோபா. “இதை எழுதினவன் பெரிய ஆளுண்ணா. செத்துப்போனவனை நிரந்தர லீவுன்னு எழுதுவான்.”

காத்தவராயன் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்தது வால்டரின் வாக்குமூலம். புதிதாக மலநாட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் கன்னடத்தில் எழுதியது. ஷோபா அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: “விபத்தின்போது சர்ச் மணி மூன்று முறை அடித்ததாகவும், மேலே இருப்பவர் பதில் தரவில்லை என்றும் முதியவர் கூறுகிறார். பிரார்த்தனையில் இருந்திருக்கிறார். மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.”

“மேல கீறவரு பதில் தராதது எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்றாள்.

“அன்னிக்கு என்ன கிழமை?” என்று காத்தவராயன் கேட்டார்.

“வியாழன்.”

“அந்த வளைவுல இருந்து ரெண்டு மைலுக்கு ராகிக் கொல்லையும் மாந்தோப்பும்தான். சர்ச் எங்க இருக்கு? வியாழக்கிழமை ஒன்பதே காலுக்கு யார் மணி அடிச்சாங்க?”

அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “அந்த மணி எங்க அடிச்சதுன்னு பார்த்துட்டு வரலாம், வா.”

முதலில் டென்னிஸ் வீடு. பதினோரு புகார்க்காரர்களில் நடந்துபோகும் தூரத்தில் இருந்தவன் அவன்தான். மாரிகுப்பம் ரயிலில் முட்டி மோத முடியாது என்று சொந்தமாக சாரதி வாங்கி, பெங்களூர் வேலைக்கு அதில் போய் வந்தவன். இப்போது மறுபடி ரயிலில் முட்டி மோதுகிறான். வாசலில் நின்ற கார்மேல் அவன் மனைவி ஷில்பா மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தாள். வாங்கியதிலிருந்து அந்தக் கார் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று டென்னிஸ் சொன்னான்.

மிளகாயை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்து காட்டினான். பட்டன் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், வட்டமாக, சுற்றிலும் ஒளிவளையத்தோடு, எட்டணா அளவில் இருந்தது. காத்தவராயன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினார். விரல் சுலபமாக எட்டியது.

“நின்னப்போ என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“இன்னா ஆவும்? கீங்குனு ஒரு சத்தம். செவப்பு லைட்டு. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா மாவு மிதிக்கிற மாதிரி போவுது, வண்டி போவல. ஆனா ஏசி ஓடுதுண்ணா. பாட்டு ஓடுது. உள்ள சொகுசா குந்திக்கினு சாவலாம்.”

“பட்டனை அமுக்கிப் பார்த்தியா?”

“அமுக்கினேன். செவப்பு வந்தப்புறம் அது சும்மாண்ணா. எவ்ளோ அமுக்கினாலும் ஸ்கிரீன் மட்டும் அணையும். நிக்கிற வண்டியை இன்னா நிறுத்துறது? செத்தவன் கட்டைவிரல்ல மை தடவுற மாதிரி.”

“எத்தினி தடவை அமுக்கின?”

டென்னிஸ் யோசித்தான். “யாருக்குத் தெரியும்? பின்னால பஸ்ஸு. பயத்துல பத்து இருபது இருக்கும், தடதடன்னு.”

காத்தவராயன் அறிக்கையின் நாலாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். 9.14.21. 9.14.22. 9.14.23. ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்று. தடதடவென்று இல்லை; அளந்து வைத்த மாதிரி.

“பயந்தவன் அமுக்கினது இல்ல இது” என்றார், யாருக்கும் சொல்லாமல்.

அந்தச் சிவப்பு வந்தபோது திரையில் என்ன எழுதியிருந்தது என்று ஷோபா கேட்டாள். டென்னிஸ் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். ‘நிதான நிலை. உதவி வரும்வரை வண்டியிலேயே அமர்ந்திருக்கவும்.’

“நான் சொல்பேச்சு கேக்காதவன்” என்றான் டென்னிஸ். “உடனே இறங்கிட்டேன். அதான் உங்களாண்ட பேசிக்கினு கீறேன்.”

சொன்னபடி நடக்கிறவ என்று தங்கையைப் பற்றி இசபெல்லா சொன்னது ஷோபாவுக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு லாய்ட் வீடு வரும்வரை அவள் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

லாய்டின் வீடு மாரிகுப்பத்தில், சுரங்கத்துக்காரன் வரிசையாகக் கட்டிவிட்டுப் போன வீடுகளில் ஒன்று. வாசலில் ஆட்டோ தயாராக நின்றது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை. ஜெயிலுக்கு லேட்டாகிவிடக் கூடாது என்பதுபோல் லாய்ட் சட்டையை இன் பண்ணி, தலைக் கட்டோடு, தயாராக இருந்தான். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். நான் அழுத்தினேன், கையெழுத்துப் போடுகிறேன், இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

“ஒண்ணும் இல்ல” என்றார் காத்தவராயன். “எந்த விரல்?”

லாய்ட் கையைப் பார்த்துக்கொண்டான். கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினான்.

“பட்டன் இடது பக்கம் இருக்கு. ஸ்டியரிங்கைச் சுத்தி வளைச்சு வலது கையால அமுக்கினியா?”

“இடது கைதான். மறந்துட்டேன்.”

“எத்தினி தடவை?”

“மூணு.”

“எண்ணினியா?”

“ரிப்போர்ட்ல இருக்கே” என்றான் லாய்ட்.

அறைக்குள் மூங்கில் நாற்காலியில் வால்டர் உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று சவரம் செய்த முகம். ஷூ பாலிஷ் மின்னியது. முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று சுவரில் ஒரு சான்றிதழ் சொன்னது. லாய்ட் அவருக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில், கதவுபோல, நின்றுகொண்டிருந்தான். டாடியை ஒன்றும் கேட்காதீர்கள், அவருக்கு எதுவும் தெரியாது, அவருக்கு மனசு சரியில்லை என்று மூன்று காரணம் சொன்னான். ஒரு காரணம் மட்டும் சொல்லியிருந்தால் காத்தவராயன் நம்பியிருக்கக்கூடும்.

அப்புறம் அப்பாவும் பிள்ளையும் கிளம்பினார்கள். லாய்ட் ஆட்டோவில் முதலில் ஏறினான். வால்டர் கடைசியாக ஏறி, சீட்டில் சரியாக உட்கார்ந்து, முன்னால் இருந்த கம்பியை விரல் கணுவால் தட்டினார். டக். டக். டக்.

மூன்று தட்டு. நிதானமாக, விநாடிக்கு ஒன்றாக.

ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளப்பிவிட்டார். இந்த ஊரில் அது ஆச்சரியமில்லை.

காத்தவராயன் தெருவில் நின்றபடியே இருந்தார். ஷோபா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்த பிறகுதான் அசைந்தார்.

“பெல்லு” என்றார் பின்னால் ஏறியபடி. “சர்ச் மணியும் இல்ல, பிரார்த்தனையும் இல்ல. கெழவர் சொன்னது மூணு பெல். கேஜ் பெல். அந்த கான்ஸ்டபிளுக்கு பெல்லுன்னா சர்ச்சுதான் தெரிஞ்சிருக்கு.”

ஷோபாவுக்கும் புரிந்தது, அவளும் மாரிகுப்பத்தில் பிறந்தவள்தான். சுரங்கக் குழியான சாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு கேஜ். உள்ளே இருப்பவர் பெல் அடிப்பார். மேலே இன்ஜின் ரூமில் இருப்பவர் அதே பெல்லைத் திருப்பி அடித்துவிட்டுத்தான் கயிற்றை அசைப்பார். ஒரு பெல் என்றால் நிறுத்து. மூணு பெல் என்றால் உள்ளே மனுஷங்க இருக்காங்க, பார்த்துத் தூக்கு. வால்டர் முப்பத்தொரு வருஷம் பார்த்தது கேஜுக்குள் நின்று பெல் அடிக்கும் வேலையைத்தான்.

அவள் ஸ்கூட்டரை மெதுவாக்கினாள். “அப்போ பட்டனை அமுக்கினது அவருதானா?”

“அவருதான்.”

“லாய்டுக்குத் தெரியும்.”

“ஞாபகத்துல பாதி போச்சு. மிச்சம் இருக்கிற பாதியில அப்பாவோட விரலு பட்டன் மேல இருக்கு. ரிப்போர்ட்டு வந்து, அந்த பட்டன்தான் காரை நிறுத்துச்சுன்னு சொல்லுது. அவன் கூட்டிப் பார்த்துக்கினான்.”

வலது பக்கம் தங்கம் பிரித்தெடுத்த சயனைட் மண் குன்றுகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தன. தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் மண்ணை மட்டும் ஊருக்கு நன்கொடையாக விட்டுப்போயிருந்தார்கள்.

“அண்ணா, நம்ம இன்னா வேலை பண்றோம்?” என்றாள் ஷோபா. “புள்ளைய வெளிய எடுக்கிறதுக்கு அப்பனைக் காட்டிக்குடுக்கப் போறோமா? மருமகளைக் கொன்னது நீதான்னு அந்த மனுஷனாண்ட போய் யாரு சொல்றது? நானு சொல்லமாட்டேன். ஒன்பது வருஷம் ஊரான் வீட்டுப் பொய்யெல்லாம் சொன்னவ நானு. இந்த நிஜத்தை நானு சொல்லமாட்டேன்.”

“வண்டியை ஓரமா நிறுத்து” என்றார் காத்தவராயன்.

நிறுத்தினாள். அவர் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலால் மூன்று முறை தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு முறை மட்டும் தட்டினார். பிறகு மறுபடி மூன்று. பார்க்கிறவர்களுக்கு, இன்டர்நேஷனல் டிடெக்டிவுக்கு வெயில் ஏறிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

“நம்ம ரெண்டு பேரும் முட்டாளுங்க” என்றார். “அந்த கான்ஸ்டபிளைவிட. போ, சீக்கிரம் போ.”

“இன்னா கண்டுபிடிச்சீங்க?”

“நான் சொன்னா அது யூகம். அவரு வாயால வரணும்.”

ராபர்ட்சன்பேட்டை ஓட்டலின் மீட்டிங் ஹாலில் மூன்று மணிக்கு ஒரு பேனர் தொங்கிக்கொண்டிருந்தது: ‘உங்கள் குரலே எங்கள் இன்ஜின்.’ பதினோரு புகார்க்காரர்களில் நாலு பேர் வந்திருந்தார்கள். நாலு பேரும் ரயிலில் வந்தவர்கள். ஓரத்தில் எஸ்.ஐ. பவ்யா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வந்த கொட்டாவியை அடக்கியபடி உட்கார்ந்திருந்தார். இசபெல்லா முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி லாய்ட், அவனுக்குப் பக்கத்தில் வால்டர்.

கம்பெனி சார்பில் பெங்களூரிலிருந்து வந்திருந்தவர் ராகேஷ். வயது நாற்பதுக்குள். பதவி, வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் துணைத் தலைவர். செத்துப்போன வாடிக்கையாளர்களும் அதே பிரிவில்தான் வருகிறார்களா என்று ஷோபா காதோடு கேட்டாள். ராகேஷ் உள்ளே வந்ததும் வராததுமாக மேற்குப் பக்கத்து இரண்டு ஜன்னல்களையும் சாத்தினார். அப்புறம், தனக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும் என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

காத்தவராயன் அந்த ஜன்னல்களைப் பார்த்தார். ஏப்ரல் மாதம், ஹால் வெந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரன் ஜன்னலைத் திறப்பான். மத்தியானம் திரும்பினால் மேற்கிலிருந்து சயனைட் மண் பறந்து வரும் என்று தெரிந்தவன்தான் சாத்துவான்.

“ஷோபா” என்றார் மெதுவாக. “அந்த ஆளு நம்மூரு.”

ராகேஷ் படம் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் காரும் சூரியோதயமும். இரண்டாம் படத்தில் காரும் குழந்தையும். ஏழாம் படத்தில்தான் விபத்து வந்தது, அதுவும் ஒரு வரைபடக் கோடாக. நிதான நிலை என்பது குறைபாடல்ல, காரின் முதிர்ச்சி என்றார். எல்லாச் சம்பவங்களிலும் மனிதக் காரணி இருக்கிறது என்றார். மனிதக் காரணி என்று சொல்லும்போது கையை லாய்ட் இருந்த பக்கம் பணிவோடு நீட்டினார். ஓர் உதவியாளர் காகிதத்தையும் பேனாவையும் லாய்ட் முன் வைத்தார்.

லாய்ட் பேனாவை எடுத்தான்.

“ஒரு நிமிஷம்” என்று எழுந்தார் காத்தவராயன். “9.14.21க்கு கார் என்ன வேகத்துல போய்க்கினு இருந்தது?”

ராகேஷ் புன்னகை மாறாமல், அது கம்பெனியின் உள் தகவல் என்றார்.

“பட்டன் அமுக்கின நேரம் மட்டும் வெளித் தகவலா? அதே பதிவுலதானே வேகமும் இருக்கும்? உங்க ரிப்போர்ட்டுல அந்த ஒரு பத்தி மட்டும் காணோம்.”

சம்பந்தமில்லாதவற்றைத் தவிர்த்திருக்கிறோம் என்றார் ராகேஷ். எஸ்.ஐ. பவ்யாவின் கொட்டாவி நின்றது.

காத்தவராயன் வால்டர் முன்னால் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாய்ட் பேனாவோடு எழுந்துவிட்டான். “அவரைக் கேக்காதீங்க. நான்தான் அழுத்தினேன். நான்தான். கையெழுத்து போடறேன், விடுங்க.”

“டேய் லாய்ட், உக்காரு” என்றார் வால்டர். பதினோரு நாளில் அவர் பிள்ளையிடம் அதட்டிப் பேசியது அதுதான் முதல். லாய்ட் உட்காரவில்லை. ஆனால் வாய் மூடிக்கொண்டான்.

“வால்டர் சார்” என்றார் காத்தவராயன், “நான் வாட்ச் அண்ட் வார்டுல இருந்தவன். உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மூணு பெல் அடிச்சீங்களே, வண்டி ஓடிக்கினு இருக்கும்போதா அடிச்சீங்க?”

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். உடம்பில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அது துக்கம் இல்லை, தொழில்.

“வாட்ச் அண்ட் வார்டுல இருந்தேன்ற. இதைக் கேக்கிற?” என்றார். “ஓடுற கேஜ்ல எவனாவது மூணு பெல் அடிப்பானா?”

“அடிக்க மாட்டாங்க தாத்தா” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் குரல் ராகேஷுடையது. சுத்தமான மாரிகுப்பத்துத் தமிழ், ஏதோ சின்ன வயசில் யாரோ கேட்ட கேள்விக்கு ஒப்பித்த பதில்போல. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. முகத்திலிருந்து துணைத் தலைவர் இறங்கிப்போய்விட்டார்.

“ஏன் அடிக்க மாட்டாங்க சார்?” என்று ஷோபா மிக மரியாதையாக, பழைய கால் சென்டர் குரலில், கேட்டாள்.

வால்டர்தான் பேசினார்.

“ஓடும்போது ஒண்ணுதான். ஒண்ணு அடிச்சா நிறுத்து. மூணு, நின்னாத்தான் அடிக்கணும். வண்டி நின்னுபோச்சு. இவன் மிதிக்கிறான், மிதிக்கிறான், போவல. செவப்பு எரியுது. எலைன் பின்னால இருந்து, உக்காரச் சொல்லி எழுதியிருக்கு டாடி, உதவி வருதாம், அப்படின்றா. சரி, கேஜ் நடுவுல நின்னுபோச்சுன்னு வெச்சுக்கினேன். எதுர்ல பட்டன் கீது. உள்ள மனுஷங்க இருக்கோம், பார்த்துத் தூக்குன்னு மூணு பெல் அடிச்சேன்.” அவர் லாய்டைப் பார்க்கவில்லை. “தப்பா அடிச்சிருந்தா சொல்லு. முப்பத்தொரு வருஷத்துல நான் தப்பு பெல் அடிச்சதில்ல.”

லாய்டின் கையிலிருந்து பேனா விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

எஸ்.ஐ. பவ்யா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனார். “அந்தப் பத்தியைத் திறங்க” என்றார் கன்னடத்தில்.

ராகேஷ் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பிறகு வால்டரைப் பார்த்தார். பிறகு சாத்திய ஜன்னலைப் பார்த்தார். அவர் கை தானாக லாப்டாப் மேல் போனது. திரையில் சூரியோதயமும் குழந்தையும் போய், எண்கள் வந்தன.

9.13.10, வேகம் பூஜ்யம். 9.14.21, வேகம் பூஜ்யம். 9.14.50க்குப் பிறகு எதுவும் இல்லை.

“எழுபத்தோரு விநாடி” என்றார் காத்தவராயன். “வண்டி செத்து எழுபத்தோரு விநாடி கழிச்சுதான் அவரு பட்டனைத் தொட்டிருக்காரு. தொட்டதால அணைஞ்சது ஸ்கிரீன் மட்டும். இவங்களுக்கு இது முதல் நாளே தெரியும்.”

“நூறு விநாடி” என்றார் இசபெல்லா. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கணக்கு டீச்சர் போர்டில் எழுதுவதுபோல் அவர் சொன்னார்: “நின்னதுல இருந்து லாரி வர்ற வரைக்கும் நூறு விநாடி. இறங்கியிருக்கலாம். அவ படிச்சா. வண்டியிலேயே அமர்ந்திருக்கவும்னு படிச்சா. உக்காந்திருந்தா.”

யார் கொன்றது என்று இசபெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

பவ்யா லாப்டாப்பை மூடித் தன் கையில் எடுத்துக்கொண்டார். லாய்ட் முன்னால் இருந்த காகிதத்தையும் மடித்து வைத்துக்கொண்டார், வேறு ஒரு வழக்குக்கு.

வால்டர் மெல்ல எழுந்து ராகேஷிடம் போனார். “நீ யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்டார்.

ராகேஷ் தயங்கி, ஒரு பெயரைச் சொன்னார். இன்ஜின் ரூமில் இருந்த ஒருவர் பெயர். தாத்தாவாம்.

“ஓ, அவரா” என்றார் வால்டர். “நல்ல மனுஷன். எந்தப் பெல் அடிச்சாலும் பதில் அடிச்சுட்டுத்தான் கயிறைத் தொடுவாரு. இந்த வண்டிக்கு நீதான் இன்ஜின் ரூம் ஆளுன்னு சொல்றாங்க. நான் மூணு அடிச்சேனே, ஏம்பா பதில் அடிக்கல?”

அவர் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வெளியே வெயில் இறங்கவில்லை. ஷோபா அறிக்கையைக் குப்பைத் தொட்டிமேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்தவராயனைப் பார்த்தாள்.

“கடைசி வரியை மட்டும் கிழிச்சு வெச்சுக்க” என்றார். “அது ஒண்ணுதான் நிஜம். சாரதி மேல தப்பில்ல.”

அதே ஆட்டோ காத்திருந்தது. லாய்ட் முதலில் ஏறினான். இசபெல்லா கையைப் பிடித்து ஏற்றிவிட, வால்டர் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது. அது யாரும் சொல்லி விட்ட இடமல்ல.

வால்டர் கம்பியைத் தட்டினார். டக். டக். டக்.

ஆட்டோக்காரர் கிளப்பக் கையை வைத்தார். வால்டர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். தலையைச் சற்றுச் சாய்த்து, மேலே எங்கேயோ காது கொடுத்துக் காத்திருந்தார்.

லாய்ட் கையை நீட்டி, தன் பக்கத்துக் கம்பியில், விநாடிக்கு ஒன்றாக, மூன்று முறை தட்டினான்.